தங்கையரின் இடது கன்னமும் வெளிச்ச இலாகாவும்

வெள்ளவத்தையில் குளியலறைக்கு மின்சார வெளிச்சம் எடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகையால் இலாகாவை நான் குறை சொல்லப் போகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு லைற் தந்தார்கள். எரிகிறது. நன்றியோடுதான் குளிக்கிறேன். ஆனால் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒரே சந்துக்குள், முப்பத்தொரு குளியலறைகளுக்கு வெளிச்சம் கிடைக்கக் காரணமாயிருந்த தங்கையர் மட்டும் இருட்டில் நின்றாரே, அந்த வயிற்றெரிச்சலை எங்கேயாவது கொட்டித்தானே ஆகவேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. தங்கையா என்கிற தங்கையர் கொழும்புக் கோட்டையில் ஒரு தேயிலைக் கம்பனியில் கிளார்க். மூன்று வருஷமாகத் தற்காலிகம். கம்பனியின் பெரிய துரைக்குப் பென்டில் என்று பெயர். பென்டில் துரை கிளார்க்மார் எழுதும் கடிதங்களைப் பார்ப்பதில்லை, அவர்களுடைய முகங்களைத்தான் பார்ப்பார். காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் திறக்கிற நேரத்தில், கந்தோர் வாசலில் நிற்பார். ஒவ்வொருவரும் அவர் முன்னால் முதலில் வலது கன்னத்தையும் பிறகு இடது கன்னத்தையும் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். தங்கையரின் வலது கன்னத்தில் துரைக்கு ஒரு குறையும் இல்லை. இடது கன்னத்தில் ஒருநாள் மயிர் நின்றது, மறுநாள் வெட்டுக்காயம் நின்றது, சில நாள் இரண்டும் நின்றன. தைப்பொங்கல் கழிந்த வாரம் துரை அவரைக் கூப்பிட்டு, யூலை முதலாந் திகதி ஓர் ஆளை நிரந்தரமாக்கப் போவதாகவும், அது முழு முகத்தோடு வருகிறவருக்கான உத்தியோகம் என்றும், அன்றைக்கும் அரை முகத்தோடு வந்தால் தற்காலிகமும் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

வீடு வாடகை வீடு, மனைவி மயிலம்மாவுக்கு அது மூன்றாம் மாதம், ஊரில் இரண்டு தங்கைமார். உத்தியோகம் போனால் யாழ்ப்பாணக் கோச்சியில் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

இடது கன்னம் செய்த குற்றம் என்னவென்று கேட்பீர்கள். தங்கையர் ஸ்ரேசனில் ஆறு மணி ஐந்து நிமிஷக் கோச்சியைப் பிடிக்கவேண்டும். அதற்கு முதல் சவரம் செய்து, கிணற்றடியில் தோய்ந்து, சாப்பிட்டு முடிக்கவேண்டும். நாவிதர் கடை திறப்பது ஏழு மணிக்கு. முதல்நாள் பின்னேரம் வழித்துவிட்டுப் படுத்தால் விடியும்போது பழையபடி முளைத்து நிற்கும் சாதி மயிர் அவருடையது. கூடத்தில் மின்சார லைற் உண்டு, ஆனால் கூடத்தில்தான் சாமிப் படங்களும் உண்டு. சாமி இருக்கிற இடத்தில் சவர மயிர் விழ மயிலம்மா விடமாட்டார், அதில் யாரும் அவரைக் குறை சொல்ல ஏலாது. மிஞ்சியது வளவின் கோடியில் கிணற்றோடு ஒட்டிக் கட்டியிருந்த குளியலறை. அங்கே ஒரு கண்ணாடி, வலதுபக்கம் ஓர் ஆணி, ஆணியில் ஓர் அரிக்கன் லாம்பு. லாம்பு வெளிச்சம் வலது கன்னத்தோடு நின்றுவிடும். லாம்பை இடதுபக்கம் மாற்றினால் வலது கன்னம் கெடும். உச்சியில் தொங்கவிட்டால் மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து மீசை இருக்கிறமாதிரிக் காட்டும். அதோடு தங்கையருக்கு நரை தொடங்கிவிட்டது. மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் நரைமயிரும் சவர்க்கார நுரையும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.

ஆகவே தனக்கு என்ன வேண்டும் என்பதில் தங்கையருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ஒரு பல்ப், அந்தப்பக்கம் ஒரு பல்ப், இரண்டும் முகத்தின் உயரத்துக்கு. இவ்வளவும் ஒரு மின்சாரக்காரனுக்கு அரைநாள் வேலை. ஆனால் குளியலறை வெளிச்சம் என்றால் வீட்டு வெளிச்ச ஒழுங்கு இலாகாவின் அனுமதி வேண்டும் என்று மின்சாரக்காரன் சொல்லிவிட்டான்.

அந்த இலாகா கோட்டையில் ஒரு மாடியில் இருந்தது. படிக்கட்டில் கும்மிருட்டு. வீடுகளின் வெளிச்சம் மட்டுமே தங்கள் பொறுப்பு, படிக்கட்டு வேறு இலாகாவுக்கு உரியது என்று பியோன் விளக்கம் சொல்லி, வருகிறவர்களுக்கு ஒரு மெழுகுதிரியை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். தங்கையர் மேலே போய் விண்ணப்பப் பத்திரம் வாங்கினார். நாற்பத்தெட்டுக் கேள்விகள். ஏழாவது கேள்வி, குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து விளக்கு எவ்வளவு உயரம் என்று கேட்டது. தங்கையர் அந்த இடத்தில் தொட்டி இல்லை, வாளி உண்டு என்று எழுதினார். பத்திரத்தை வாங்கிப் பார்த்த கிளார்க் மிகுந்த அனுதாபத்தோடு அதைத் திருப்பித் தந்தார்.

"தொட்டி இல்லாட்டி அது குளியலறை இல்லை. அது தண்ணி வாக்கிற இடம். தண்ணி வாக்கிற இடத்துக்கு வெளிச்சம் குடுக்கச் சட்டத்தில இடமில்லை."

விதிகள் லண்டனில் எழுதப்பட்டவை. அங்கே தொட்டியில் படுத்துத்தான் குளிப்பார்களாம். எங்கள் இலாகா அந்த விதிகளை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்து, கீழே தன்னுடைய முத்திரையைக் குத்தியிருந்தது. வெள்ளவத்தையில் தொட்டியில் படுத்துக் குளிக்கிற ஒரு சீவனை நான் கண்டதில்லை. கிணறும் வாளியும் இருக்கையில் தன் அழுக்கிலேயே தான் ஊறிக் கிடக்க யாருக்குத் தலையெழுத்து?

ஆனாலும் வெள்ளவத்தையில் சில வீடுகளுக்கு லைற் கிடைத்திருந்ததே, அது எப்படி என்று தங்கையர் விசாரித்தார். எல்லாரும் கொம்பனித்தெருவைக் காட்டினார்கள். அங்கே பழைய தளபாடம் விற்கும் பலீல் நானாவிடம் ஒரு குளியல் தொட்டி இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் வீட்டு ஏலத்தில் எடுத்தது. இரும்பில் செய்து வெள்ளை பூசிய தொட்டி, சிங்கக்கால் மூன்று, நாலாவது காலுக்குச் செங்கல். பக்கவாட்டில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு நெளிவு. அதை வாங்க ஆளில்லை, வாடகைக்கு எடுக்கத்தான் வரிசை. பரிசோதனை நாளன்று கைவண்டியில் வரும், இன்ஸ்பெக்டர் பார்ப்பார், அவர் ஒழுங்கை மூலை திரும்புமுன் அடுத்த வீட்டுக்குப் போகும்.

இன்ஸ்பெக்டர் இன்னாசித்தம்பி கொட்டாஞ்சேனை ஆள். நேர்மையானவர், ஒரு சதம் கைநீட்டி வாங்கமாட்டார். அந்த ஒரே தொட்டியைப் பதினேழு வீடுகளில் பரிசோதித்து, பதினேழு முறையும் 'தொட்டி உண்டு, சொந்தம், நெளிவு ஒன்று' என்று எழுதியிருந்தார். எனக்கு அவரோடு பழக்கம் வந்தபிறகு இதைப்பற்றி ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். தொட்டி இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் தன்னுடைய கடமை என்றும், நேற்று அது எங்கே இருந்தது என்று கேட்பதற்குப் பத்திரத்தில் இடம் விடவில்லை என்றும் சொன்னார்.

மாசி மாதம் தொட்டி தங்கையர் வீட்டுக்கு வந்தது. குளியலறை வாசலால் அது போகவில்லை. நிலையைக் கழற்றி, பக்கச் சுவரில் நாலு வரி செங்கல்லையும் பெயர்த்துத்தான் உள்ளே இறக்கினார்கள். இறக்கிய பிறகு அந்த அறையில் தொட்டியைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. இன்ஸ்பெக்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கி நின்று நாடா பிடித்து அளந்தார். தொட்டி சரி, உயரம் சரி, ஆனால் வாசல் பிழை என்றார். விதிப்படி வாசலின் அகலம் இரண்டடிக்கு மேல் இருக்கக்கூடாது. மேலே போனால் உள்ளே எரிகிற வெளிச்சம் வெளியே போகும். அனுமதி குளியலறைக்குத்தான், வளவுக்கு இல்லை. மேசன் அன்றைக்கே வேறொரு வேலைக்கு வத்தளை போகவேண்டியிருந்ததால் அவசரமாக வாசலைச் சுருக்கிக் கட்டி முடித்தான். இன்ஸ்பெக்டர் கூடவே நின்று, சரியாக இரண்டடி என்று எழுதிக்கொண்டு போனார். பின்னேரம் கைவண்டியோடு வந்த பலீல் நானா வாசலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தங்கையரையும் பார்த்தார்.

"தங்கையா, என்ட தொட்டிக்குச் சமாதி கட்டி வெச்சிருக்கீங்களே. இத இனி எப்படி எடுக்கிறது செல்லுங்க."

சுவரை உடைத்தால் வாசல் பெரிதாகிவிடும், அனுமதி போய்விடும். இன்னும் ஒரு வாரத்தில் லைற் வந்துவிடும், அதற்குப் பிறகு உடைக்கலாம் என்று தங்கையர் கெஞ்சினார். பலீல் நானா நல்ல மனிசர். தலையைச் சொறிந்துகொண்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

அந்த ஒரு வாரத்துக்குள் பல்ப் எங்கே போடுவது என்ற பிரச்சினை எழுந்தது. இலாகாவின் வரைபடத்தில் ஒரே ஒரு பல்ப், கூரையின் நட்டநடுவில், தொட்டிக்கு நேர் மேலே இருந்தது. தங்கையர் மெழுகுதிரி வாங்கி மீண்டும் படியேறி, தனக்குக் கண்ணாடியின் இருபக்கமும் வேண்டும் என்றார். கிளார்க் அவரை டிரெக்டர் முத்துலிங்கத்திடம் அனுப்பினார். டிரெக்டர் சீமைக்குப் போய் வெளிச்சம் படித்தவர். விண்ணப்பகாரர் ஒருவர் தன் மேசைக்கு முன்னால் வந்து நிற்பதே அவருக்குப் புதினமாக இருந்தது. ஆளை இருக்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று, ஒரு மண்டபத்துக்குப் பேசுகிற குரலில் பேசத் தொடங்கினார்.

"மிஸ்டர் தங்கையா, நீர் ஒரு தனி ஆள். இலாகா தனி ஆளைப் பார்க்கிறதில்லை. இண்டைக்கு நீர் முகத்துக்கு வெளிச்சம் கேட்பீர், நாளைக்கு இன்னொருத்தன் முதுகுக்குக் கேட்பான். வெளிச்சம் அறைக்குச் சொந்தம் காணும், முகத்துக்குச் சொந்தமில்லை. பன்னிரண்டு வருஷமா இந்தக் கதிரையில இருக்கிறன். ஒரு முகத்தையும் நான் கவனிச்சதில்லை. அதுதான் இந்த இலாகாவின்ர பெருமை."

தங்கையர் உத்தியோகம் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தார். அது தொழில் இலாகாவின் விஷயம், ஆனாலும் தனிப்பட்ட முறையில் மனம் வருந்துவதாக டிரெக்டர் சொன்னார். சரி, கூரையிலாவது போடுங்கள் என்று தங்கையர் இறங்கி வந்தார். டிரெக்டர் மிகவும் சந்தோஷப்பட்டு, அப்படியானால் கோப்பு அழகுப் பிரிவுக்குப் போகும் என்றார்.

அழகுப் பிரிவு என்பது மிஸ் கொன்ஸ்ரன்ஸ் என்ற ஓர் அம்மையார். வெளிச்சம் பயனுள்ளதாக இருந்தால் மட்டும் போதாது, வடிவாகவும் இருக்கவேண்டும் என்பது விதி. வைகாசியில் ஒருநாள் குடையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே குளியலறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் பாசி, மூலையில் ஓமவாட்டர்ப் போத்தல், தொட்டிக்குள் மயிலம்மா ஊறப்போட்டிருந்த வேட்டிகள். வெளிச்சம் என்பது உள்ள அழகை எடுத்துக் காட்டுவதற்கு, இங்கே எடுத்துக் காட்ட என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மையார் குறிப்பெழுதி, அதைத் தமிழிலும் வாசித்துக் காட்டினார்.

"இந்த அறை இருட்டிலதான் வடிவு. வெளிச்சம் போட்டா வடிவு கெட்டுப்போகும். சிபாரிசு செய்ய ஏலாது."

தங்கையர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பாசி சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார். ஏழுமாத வயிற்றோடு மயிலம்மா வாசலில் நின்று எந்த இடம் விடுபட்டது என்று காட்டினார். அம்மையார் மறுபடி வந்து, சுவர் இப்போது அதிகம் வெள்ளையாக இருக்கிறது, கண் கூசும் என்று எழுதினார். பிறகு இரக்கப்பட்டு, கொஞ்ச நாளில் தானாக ஊத்தையாகிவிடும், அப்போது பார்க்கலாம் என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்.

இதற்கிடையில் தொட்டி தங்கையர் வீட்டில் அகப்பட்டுக்கொண்டதால் வெள்ளவத்தை முழுவதும் பரிசோதனை நின்றுபோயிருந்தது. நானும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவன்தான். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து இலாகாவுக்கு முறைப்பாடு எழுதினோம். இலாகா ஆழமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. தொட்டி விண்ணப்பகாரரிடம் போக முடியாவிட்டால், விண்ணப்பகாரர் தொட்டியிடம் வரட்டும். தொட்டி இருக்கிறதா என்பதே கேள்வி. எங்கே இருக்கிறது என்று ஏழாவது கேள்வி கேட்கவில்லையே.

அந்தக் கிழமையிலிருந்து தங்கையர் வளவில் ஒவ்வொரு நாளும் வரிசை. துடைக்கத் துவாயும் சவர்க்காரப் பெட்டியுமாக வரவேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொருவராக இரண்டடி வாசலால் உள்ளே போய், தொட்டியில் இறங்கி நின்று, இது என் தொட்டியே என்று சொல்லவேண்டும். இன்னாசித்தம்பியார் எழுதிக்கொள்வார். நானும் இறங்கி நின்றேன். ஒரு மரியாதைக்கு, போகும்போது தங்கையரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. யூன் நடுவில் எங்கள் ஒழுங்கையில் முப்பத்தொரு குளியலறைகளில் லைற் எரிந்தது. பலீல் நானா கைவண்டியை விற்றுவிட்டு, வாடகையை வாங்கத் தங்கையர் வீட்டு வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டார்.

நீங்கள் கேட்கலாம், லைற் எடுத்த முப்பத்தொரு பேரில் ஒருவனாவது தங்கையரைத் தன் வீட்டில் வந்து சவரம் செய்யச் சொல்லவில்லையா என்று. சொன்னோம். நானே சொன்னேன். விடியற்காலம் ஐந்து மணிக்குப் பிறத்தியார் வீட்டுக் கிணற்றடியில் பெண்கள் தோய்கிற நேரத்தில் போய் நிற்கிற ஆள் தங்கையர் இல்லை.

யூன் இருபத்திரண்டாந் திகதி அவருக்கு ஒரு நீள உறை வந்தது. லைற் அனுமதிதான் என்று நினைத்து வாசலிலேயே நின்று பிரித்தார். தொடர்ந்து பரிசோதனை நடைபெறுவதால் மேற்படி குளியலறை, வீட்டு வெளிச்ச ஒழுங்கு இலாகாவின் உபகந்தோராகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளது. ஆகையால் அது இனி வீட்டுக் குளியலறை அல்ல. வீட்டுக் குளியலறை அல்லாத இடத்துக்கான விண்ணப்பம் தானாகவே ரத்தாகிறது. உபகந்தோரின் சாவிக்கு, பகலில் வீட்டில் இருப்பவர் பொறுப்பாளராவார்.

தங்கையர் விழுந்தடித்துப் படியேறினார். அவசரத்தில் மெழுகுதிரியும் வாங்கவில்லை. டிரெக்டர் முத்துலிங்கம் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார். வெள்ளவத்தையில் அரசாங்கக் கந்தோர் உள்ள ஒரே வீடு அதுதானாம். அப்படியென்றால் கந்தோருக்காவது ஒரு லைற் போடுங்கள் என்று தங்கையர் கேட்டார். கந்தோர் ஒன்பது மணியிலிருந்து நாலரை மணி வரைக்கும்தானே, பட்டப்பகலில் லைற் எதற்கு என்றார் டிரெக்டர்.

"அப்ப நான் எங்க ஐயா சேவ் எடுக்கிறது?"

"அதைத்தான் நானும் சொல்ல நினைச்சனான். அரசாங்கக் கந்தோருக்குள்ள சவரம் செய்யிறது குற்றம். இருட்டில செய்தாலும் குற்றம்தான். தெரிஞ்சவர் எண்டபடியால் முன்கூட்டியே சொல்லுறன்."

அன்றைக்குத் தங்கையர் வீட்டுக்கு வந்து, சேர்ட்டைக் கழற்றாமல் குசினிப் படியில் இருந்துவிட்டார். யூலை முதலாந் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று பின்னேரம் மயிலம்மா என் மனைவியிடம் உப்பு வாங்க வந்தபோது முகம் வேறுமாதிரி இருந்தது. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகியிருந்தார். மயிலம்மா அதிகம் கதைக்காத பெண். எட்டாம் வகுப்புப் படித்தவர், எந்தக் கடிதத்தையும் கடைசி வரிவரைக்கும் வாசிக்கிறவர். கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்ததாக என் மனைவியிடம் சொன்னாராம்.

மறுநாள் காலை வரிசையில் வந்தவர்கள் குளியலறைக் கதவில் ஒரு பூட்டைக் கண்டார்கள். பக்கத்தில் ஓர் அறிவிப்பு மட்டை தொங்கியது. உபகந்தோர் நேரம், விடியற்காலம் ஐந்து மணி முதல் ஐந்தரை மணி வரை. இப்படிக்குப் பொறுப்பாளர், திருமதி மயிலம்மா தங்கையா.

இன்னாசித்தம்பியார் ஒன்பது மணிக்கு வந்து சாவி கேட்டார். மயிலம்மா குசினி யன்னலால், கந்தோர் மூடியாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார். மனிசர் மறுநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் டிராமிலும் பிறகு ரிக்சாவிலுமாக ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தார். மயிலம்மா கதவைத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. இன்ஸ்பெக்டரால் பத்திரம் நிரப்ப முடியவில்லை, தொட்டியைக்கூடக் காண முடியவில்லை. தொட்டியைக் காணாமல் தொட்டி உண்டு என்று எழுதுகிற ஆளா அவர்? நேர்மையான மனிசர். 'தொட்டி காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த நாளும் அப்படியே. மூன்று நாளில் இலாகாவின் வருஷ அறிக்கைக்கு ஆபத்து வந்துவிட்டது. யூன் முடிவதற்குள் நூறு வெளிச்சம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தொண்ணூற்றெட்டில் நின்றது.

டிரெக்டர் காரில் வந்து இறங்கினார். நேரம் பதினொரு மணி. வளவில் நாங்கள் ஒரு இருபது பேர் துவாயும் சவர்க்காரப் பெட்டியுமாகக் கூடிவிட்டோம். எனக்கு ஏற்கெனவே லைற் இருந்தது, ஆனாலும் துவாயோடு போனேன். துவாய் இல்லாதவரை வேடிக்கை பார்க்க வந்தவர் என்று நினைத்துவிடுவார்களே. டிரெக்டர் சாவி கேட்டார். மயிலம்மா வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, கந்தோர் மூடிய நேரத்தில் உள்ளே போவதானால் ஒரு விண்ணப்பம் வேண்டும் என்றார். கையில் இலாகாவின் சொந்தப் பத்திரமே ஒன்று இருந்தது.

"ஏழாவது கேள்வியிலயிருந்து துடங்குவம். உங்கட வீட்டுக் குளியலறையில தொட்டி இருக்கோ ஐயா?"

இல்லை என்றார் டிரெக்டர்.

"லைற்?"

டிரெக்டர் எங்களையெல்லாம் ஒருதரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இல்லை பிள்ளை. என்ர விண்ணப்பம் நாலு வருஷமா என்ர மேசையிலதான் கிடக்கு. என்ர கோப்பில நானே கையெழுத்து வைக்க ஏலாது."

மயிலம்மா சிரிக்கவில்லை. அதற்காக மனம் வருந்துவதாகச் சொன்னார். பிறகு, விடியற்காலம் ஐந்து மணிக்கு வேலை செய்கிற அரசாங்கக் கந்தோருக்கு வெளிச்சம் போட யாருடைய கையெழுத்து வேண்டும் என்று கேட்டார். கந்தோர் வெளிச்சத்துக்கு விண்ணப்பம் கிடையாது, தன் கையெழுத்தே போதும் என்றார் டிரெக்டர். எங்கே போடுவீர்கள் என்று கேட்டதற்கு, வாய் பழகிய வேகத்தில், கந்தோரில் வெளிச்சம் மேசைக்குச் சொந்தம், நிழல் விழாமல் மேசையின் இருபக்கமும் போடுவதே விதி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்தக் கந்தோரில் எது மேசை என்று யோசித்திருக்கவேண்டும். கண்ணாடிக்குக் கீழே சவர்க்காரம் வைக்கிற பலகையைத் தவிர அங்கே வேறு பலகையே இல்லை.

மின்சாரக்காரன் சொன்னது சரி. அரைநாள் வேலைதான்.

யூலை முதலாந் திகதி விடியற்காலம் ஐந்து மணிக்கு உபகந்தோரின் வெளிச்சத்தைத் திறந்துவைக்க டிரெக்டரே வந்தார். ஒரு திறப்பு விழாவைத் தவறவிட அவருக்கு மனம் வராது. தங்கையர் தோளில் துவாய், கையில் சவரக்கத்திப் பெட்டி, கண்ணில் கோச்சி. டிரெக்டர் பத்து நிமிஷம் பேசினார். தனி ஒருவரின் முகத்துக்காக அல்லாமல், அரசாங்கத்தின் ஒரு மேசைக்காக இந்த இரண்டு விளக்குகளும் ஏற்றப்படுகின்றன என்றார். பிறகு உள்ளே போய், தொட்டிக்குள் இறங்கி நின்று, சுவிச்சைப் போட்டார்.

இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவில் வெளிச்சம் விழுந்தது. கண்ணாடியில் டிரெக்டர் முத்துலிங்கத்தின் முகம் தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தில் அவர் தன் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார். இடது கன்னத்தைத் தடவினார். நாடிக்குக் கீழே தடவினார். காதோரம் மூன்று நாள் மயிர் ஒரு பாத்தியாக நின்றது. வெளியே திரும்பிப் பார்க்காமலே, தங்கையரிடம் அந்தக் கத்தியை ஒருக்கால் தரச் சொல்லிக் கையை நீட்டினார்.

அரசாங்க உத்தியோகத்தர் கேட்டால் கொடாமல் இருக்கிற ஆளா தங்கையர்? கொடுத்துவிட்டு வாசலில் நின்றார். ஐந்து இருபது. உள்ளே டிரெக்டர் அவசரமில்லாமல் ஆறுதலாக நுரை போட்டார். வலது கன்னத்தை வழித்தார், பார்த்தார், மறுபடி வழித்தார். தங்கையர் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறினார். ஐந்து இருபத்தைந்து. தெகிவளைப் பக்கம் ஏதோ ஒரு கோச்சி கூவியது. தங்கையரின் கண் கலங்கிவிட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கே உள்ளே போய் அந்த மனிசனை இழுத்துப்போட வேண்டும்போல இருந்தது.

சரியாக ஐந்தரைக்கு மயிலம்மா வந்தார். கையில் சாவி. இரண்டடி வாசலில் நின்று கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஐயா, கந்தோர் மூடுற நேரம். மிச்சத்துக்கு நாளைக்கு வாங்கோ."

டிரெக்டர் இன்னும் ஒரு கன்னம் இருக்கிறது என்றார். மயிலம்மா மட்டையைக் காட்டினார். நேரத்துக்குக் கந்தோரை மூடுவதைப் பற்றி அவரிடம் வாதாட டிரெக்டரால் முடியவில்லை. அந்த ஒரு விதியை அவர் பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட மீறியதில்லை. நுரையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். மயிலம்மா கந்தோரை மூடிப் பூட்டினார், மட்டையைத் திருப்பிவிட்டார், இனி அது குளியலறைதானே, பூட்டைத் திறந்து புருஷனை உள்ளே தள்ளினார்.

தங்கையர் கோச்சியைப் பிடித்தார். ஏழு மணிக்குப் பென்டில் துரை வாசலில் நின்று வலது கன்னத்தைப் பார்த்தார், இடது கன்னத்தைப் பார்த்தார், சந்தேகம் தீராமல் விரலாலும் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

டிரெக்டர் முத்துலிங்கம் எங்கள் ஒழுங்கையிலிருந்து நேராக இலாகாவுக்குப் போனார். ஒரு கன்னம் மொழுமொழுவென்று, மற்றக் கன்னத்தில் மூன்று நாள் மயிர். அன்று இரண்டு கூட்டங்களுக்குத் தலைமை வகித்தார், மேலிடத்திலிருந்து வந்த ஓர் அதிகாரியோடு இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். நான் பிறகு இன்னாசித்தம்பியாரிடம் நன்றாக விசாரித்துப் பார்த்தேன். அங்கே ஒருவரும் அதைக் கவனிக்கவில்லையாம்.